வீட்டுக் கணினியும் விதைநெல்லும்

கொட்டாஞ்சேனையில், ஜெம்பட்டா வீதிக்கு அணித்தாயுள்ள ஒழுங்கையொன்றிலே வாழும் எம் பெரியம்மாவின் வீட்டில் பழைய தகரப் பெட்டி ஒன்று உண்டு. அதனுள்ளே, காணியுறுதிகள், சாதகக் குறிப்புகள், மணநாளில் உடுத்த கூறைச் சேலை ஆகியவற்றின் அடியில், நாற்பத்தெட்டுப் பக்கங்கொண்ட சிறு நூலொன்று கிடந்தது. 1962ஆம் ஆண்டிற் சிவபதமெய்திய எம் பாட்டனாரின் அந்தியேட்டித் தினத்தன்று அச்சிட்டு, உற்றார்க்கும் ஊரார்க்கும் வழங்கப்பெற்ற ‘கல்வெட்டு’ அது. யாழ்ப்பாணத்தார்க்குக் கல்வெட்டு யாதென விளக்க வேண்டுவதில்லை. ஏனையோர்க்காகச் சொல்லின், மறைந்தவரின் வரலாறும், வமிச வழியும், தேவார திருவாசகங்களும், மக்கள் மருமக்களின் புலம்பற் பாக்களும் அடங்கிய நினைவு மலர் எனலாம். எம் குடும்பத்தின் நான்கு தலைமுறைப் பெயர்கள் முறையாக எழுதப்பட்டிருந்த ஒரே இடம் அச்சிறு நூலேயாகும்.

வெள்ளவத்தையில் எமது வீட்டிலிருந்த படி 1983 ஆடி மாதத்தில் வீட்டோடு எரிந்தது. ஊரிலிருந்த படிகள், 1995 ஐப்பசியில் யாழ்ப்பாணத்து மக்கள் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது, கைவிட்ட வீடுகளோடு போயின. பெரியம்மாவின் பெட்டியிற் கிடந்த படியை இராமபாணப் பூச்சி துளைத்திருந்தது. தொட்டால் உதிரும் நிலை. 2021ஆம் ஆண்டில் அதனைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து எமது வீட்டுக் கணினியிற் சேர்த்து வைத்தேன். மூலநூலின் நடுப்பக்கங்கள் அம்முயற்சியிலேயே உதிர்ந்துபோயின. ஆயினும் கணினியில் ஏறிவிட்டதே என்று மனம் அமைதி கொண்டது.

அந்த அமைதி ஓராண்டு நிலைத்தது. 2022 மார்ச் மாத இறுதியில், ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் நின்ற காலத்தை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்த ஒரு மாலையில் எமது கணினியின் வன்தட்டு ‘டிக், டிக்’ என இருமுறை ஒலித்துவிட்டு மௌனமாயிற்று. திருத்துநரிடம் கொண்டு சென்றேன். அவர் காதருகே வைத்துக் கேட்டார். வைத்தியர் கைவிரித்தாற்போலக் கைவிரித்தார். நல்லவேளையாக, ரொறன்ரோவில் வாழும் என் தமக்கையின் மகனுக்கு முன்னொருநாள் மின்னஞ்சலில் அனுப்பிய படி ஒன்று அவனிடம் இருந்தது. இல்லையேல் எம் பாட்டனார் இரண்டாம் முறையும் மறைந்திருப்பார்.

“மாமா, ஒரு படி இருந்தால் ஒன்றும் இல்லையென்றுதான் கணக்கு. வீட்டுக்கு வீடு படி இருக்கவேணும். அதற்கென்றே மென்பொருள் இருக்கு,” என்று அவன் தொலைபேசியிற் சொன்னான். கோப்புப் பகிர்வு மென்பொருள் என்றதும் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது திருட்டுப் படமும் பாட்டுமே. உண்மை அதனினும் விரிந்தது என்பதைப் பின்னரே அறிந்தேன். அவ்வாறு அறிந்தவற்றையே இங்கு எழுதத் துணிகின்றேன்.

படி பல இருந்தாலன்றி நூல் வாழாது என்பது நம்மவர்க்குப் புதிய செய்தியன்று. ஓலைச்சுவடிக் காலத்தில், ஏடு நெடுங்காலம் நிற்பதே அரிது. செல்லரிக்குமுன் வேறோர் ஏட்டிற் படியெடுத்தாக வேண்டும். படியெடுக்கப்படாத நூல் அழிந்தது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோதும், உ. வே. சாமிநாதையர் அவர்கள் அதே ஆண்டிற் சிந்தாமணியைப் பதிப்பித்தபோதும், ஊரூராகச் சுவடி தேடியதன் காரணம் யாது? ஓரேட்டிற் சிதைந்த அடி பிறிதோரேட்டிற் செம்மையாய் இருக்கக்கூடும் என்பதேயன்றோ! பல வீடுகளிற் சிதறிக்கிடந்த படிகளை ஒப்புநோக்கி ஒரு முழு நூலைக் கூட்டியெடுத்தார்கள்.

அச்சு வந்த பின்னர் நாம் சிறிது அயர்ந்துவிட்டோம் போலும். நூல்களையெல்லாம் ஓரிடத்திற் சேர்த்து அதனை நூலகம் என்று பெயரிட்டு, அங்கே இருக்கின்றன என்று நிம்மதி கொண்டோம். 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. வேறெங்கும் படியில்லாதவை அவற்றுள் இருந்தமையே ஆறாத துயரம். கணினியுகத்திலும் இந்நிலை மாறிவிடவில்லை. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள ‘இன்ரர்நெற் ஆர்க்கைவ்’ என்னும் பெருநூற்களஞ்சியம் 2024 ஒக்ரோபர் மாதத்தில் இணையத் தாக்குதலுக்கு ஆளாகிச் சில நாள்கள் மூடிக்கிடந்தது. ஓராண்டுக்கு முன்னர், 2023 ஒக்ரோபரில், லண்டன் பிரித்தானிய நூலகத்துக்கும் இத்தகைய கதியே நேர்ந்தது. அதன் இணைய நூற்பட்டியல் பல வாரங்கள் கிட்டவில்லை. எத்துணைப் பெரிய களஞ்சியமாயினும் ஒன்றே ஒன்றாயின் அதற்கும் ஆபத்துண்டு.

இங்கேதான் ‘பிற்ரொறன்ற்’ என்னும் முறையின் அருமை விளங்குகின்றது. 2001ஆம் ஆண்டில் பிராம் கோஹன் என்னும் அமெரிக்க இளைஞர் இதனை ஆக்கி வெளியிட்டார். அதற்கு முன்னிருந்த ‘நாப்ஸ்டர்’ 1999இற் பிறந்து, பாட்டு வியாபாரிகளின் வழக்கினால் 2001இல் மூடுண்டது. பின்வந்த ‘லைம்வயர்’ 2010இல் நீதிமன்றக் கட்டளையால் நின்றது. பிற்ரொறன்றோ ஒரு கம்பனியின் கடையன்று, அனுப்பும் முறை. ஆதலின் அது நிலைத்தது.

அம்முறையின் சூட்சுமம் எளியது. நூறு மெகாபைற்று அளவுள்ள நூலொன்றை ஐம்பது வீடுகளுக்கு ஒரு களஞ்சியம் தானே அனுப்பினால், அது 5,000 மெகாபைற்று அனுப்பியாக வேண்டும். பிற்ரொறன்ற் முறையில் அந்நூல் சிறுசிறு துண்டுகளாக்கப்படுகின்றது. ஒரு வீட்டுக்கு முதலாந் துண்டு, வேறொரு வீட்டுக்கு முப்பதாந் துண்டு எனப் போய்ச் சேர, அவ்வீடுகள் தம்முள்ளே துண்டுகளைப் பரிமாறிக்கொள்கின்றன. களஞ்சியம் நூறு மெகாபைற்றினும் சிறிது மிகையாகக் கொடுத்தாலே போதும். எஞ்சியதை வீடுகள் தமக்குள் முடித்துக்கொள்ளும். எத்துண்டு எல்லாரிடத்தும் அரிதாயிருக்கின்றதோ அதனையே முதலிற் கேட்டு வாங்கும்படி இம்மென்பொருள்கள் பழக்கப்பட்டிருக்கின்றன. ஆதலின் முதலிற் கொடுத்தவர் இடையிற் கணினியை அணைத்துவிட்டாலும், பல வீடுகளில் உள்ள துண்டுகளைக் கூட்டி முழு நூலும் உருவாதல் கூடும். அரிய ஏட்டை முதலிற் படியெடு என்பது சுவடி தேடியவர்களின் முறையுமன்றோ!

துண்டு வழியிற் பழுதுபட்டால் என்செய்வது? ஒவ்வொரு துண்டுக்கும் கணிதமுறையால் ஆக்கிய முத்திரை எண் ஒன்று உண்டு. வந்து சேர்ந்த துண்டின் முத்திரை, பட்டியலில் உள்ளதனோடு பொருந்தாவிடின், அத்துண்டைத் தள்ளிவிட்டு வேறு வீட்டிலே கேட்டு வாங்கும். ஏடெழுதுவோர் செய்யும் பிழைக்கு இங்கே இடமில்லை.

கொடுப்பவரை இத்துறையில் ‘விதைப்போர்’ என்கின்றனர். வாங்கியதும் ஓடிவிடுவோரை ‘அட்டை’ என்று வைகின்றனர். மலைநாட்டிற் காலிலேறும் அட்டையையே கருதுக. வெள்ளவத்தையிற் சீட்டுப் பிடிப்போர்க்கு இவ்வகை மனிதர் புதியவரல்லர்: முதல் மாதமே கழித்துச் சீட்டை எடுத்துக்கொண்டு, மறு மாதம் தொலைபேசி எடுக்காதவர்! எல்லாரும் அவ்வாறு செய்தால் சீட்டும் உடையும், நூலும் அழியும். உண்பதற்கு நெல் வேண்டும். ஆனால் விதைநெல்லையும் சேர்த்துண்ட வீட்டிற்கு அடுத்த போகம் இல்லை.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்லாதிருக்க முடியவில்லை. பெரியம்மாவிடம் சென்று, “இனிமேல் புத்தகமெல்லாம் ரொறன்றிலை வரும், பெரியம்மா,” என்றேன். “ரொறன்ரோவிலையிருந்து ஆர் தம்பி வருகினம்? முன்னமே சொன்னால் பலகாரம் சுட்டு வைக்கலாமே,” என்றார். ரொறன்ரோ வேறு, ரொறன்ற் வேறு என விளக்கி முடிக்க அரை மணி நேரம் சென்றது. விளங்கியதா என்பது இன்றும் ஐயத்துக்குரியதே.

இனி, எம்மென்பொருளைத் தெரிவது? பெயர்கள் பல உள; பெரும்பாலானவற்றை ஆராய வேண்டுவதில்லை. ஒருகாலத்தில் யாவரும் கொண்டாடியது ‘மியூரொறன்ற்’. சுவீடன் நாட்டார் ஒருவர் 2005இல் ஆக்கியது. அளவிற் கடுகு, ஆற்றலிற் காரம். பின்னர்க் கம்பனியொன்றின் கைக்கு மாறி விளம்பரங்கள் ஏறின. 2015ஆம் ஆண்டில், அதனோடு ஒட்டிக்கொண்டு மின்னாணயம் தோண்டும் வேறொரு மென்பொருள் தம் கணினிகளிற் புகுந்துவிட்டதெனப் பயனாளர் பலர் முறையிட்டனர். சம்மதமின்றிப் புகவில்லை என்றது கம்பனி. யார் சொல்வது சரியாயினும், ‘அடுத்து, அடுத்து’ என்று பொத்தானை அழுத்திச் செல்லும் நம் போன்றோர் வீட்டுக்கு அது வேண்டாம் என்பதே என் முடிபு.

என் தெரிவு ‘கியூபிற்ரொறன்ற்’. 2006ஆம் ஆண்டு முதல் வெளிவருவது, விலையில்லை, விளம்பரமில்லை, மூலநிரல் யாவரும் பார்வையிடத் திறந்து வைக்கப்பட்டிருக்கின்றது. விண்டோஸ், மாக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். மாக் கணினி வைத்திருப்போர் ‘ரான்ஸ்மிஷன்’ என்பதையும் நாடலாம். அதன் எளிமை கண்ணுக்கு இதமானது. ஆயினும் ஒரு பாடம் அதன் சரித்திரத்தில் உண்டு. 2016 மார்ச் மாதத்தில், அதன் சொந்த இணையத்தளத்திலேயே விஷமிகள் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீநிரலொன்றை மென்பொருளோடு கலந்து வைத்துவிட்டனர். ஓரிரு நாளிற் கண்டுபிடித்து நீக்கினர். சொந்தத் தளத்துக்கே இக்கதியெனின், ஊர் பேர் தெரியாத தளங்களிலிருந்தும், தெரிந்தவர் கையிற் தந்த பென் டிரைவிலிருந்தும் மென்பொருளை ஏற்றுதல் எத்துணை அபாயம்! மென்பொருளை ஆக்கியோரின் தளத்திலிருந்து மாத்திரமே பெறுக. தேடற்பொறியிற் பெயரைத் தட்டினால் மேலே வரும் விளம்பரங்களைத் தொடற்க.

மென்பொருளை ஏற்றியபின் செய்யவேண்டிய சீரமைப்பு அரைமணி நேர வேலை. முதலில் இடம். கணினியின் முதன்மைத் தட்டை நிரப்பிவிட்டால் கணினியே மூச்சுத்திணறும். பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாஸாவிற் புறவன்தட்டு ஒன்று வாங்கி, அதில் ‘முடியாதவை’, ‘முடிந்தவை’ என இரு கோப்புறைகள் ஆக்கி, மென்பொருளின் அமைப்புப் பகுதியில் அவ்விரண்டையும் குறித்துவிடுக. அரைகுறைக் கோப்பைத் திறந்துவிட்டு ‘பழுதாய்ப் போயிற்று’ என்று வீட்டார் பதறுவது இதனால் நீங்கும்.

அடுத்தது வேகம். எம் வீட்டிற் பெருங்கலகம் விளைந்தது இதனாலேயே. ஆதலின் சற்று விரிவாகவே சொல்கின்றேன். மென்பொருளை ஏற்றிய முதல் நாள் மாலை, என் மனைவி லண்டனிலுள்ள தங்கையோடு முகம் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தாள். தங்கையின் முகம் வாய் திறந்தபடியே உறைந்து நின்றது. மறு அறையில் மகளின் இணைய வகுப்பும் அறுந்தது. குற்றவாளி யாரென வீட்டார் அறிய அதிக நேரஞ் செல்லவில்லை. காரணம் இது: வீட்டு இணைப்புகள் பலவற்றில் இறங்கும் வழி அகலம், ஏறும் வழி ஒடுக்கம். பகிர்வு மென்பொருளைக் கட்டுப்பாடின்றி விட்டால், ஏறும் வழி முழுவதையும் அதுவே அடைத்துக்கொள்ளும். நாம் இறக்கும் ஒவ்வொன்றுக்கும் ‘கிடைத்தது’ என்னும் சிறு மறுமொழி ஏறும் வழியாலேயே போகவேண்டியிருத்தலால், அம்மறுமொழி தாமதிக்க, இறங்குவதும் தடைப்படும். காலி வீதியில் ஒரு பஸ் குறுக்கே நின்றால் இருபுறமும் நிற்பது போன்றதே.

பரிகாரம் சுலபம். உமது இணைப்பின் ஏறும் வேகத்தை முதலில் அளந்தறிக. அது செக்கனுக்கு 5 மெகாபிற்று என்று வந்தால், எட்டால் வகுக்க ஏறத்தாழ 600 கிலோபைற்று ஆகும். பிற்று வேறு, பைற்று வேறு. கம்பனிகள் பெரிய எண்ணைக் காட்டப் பிற்றிலும், மென்பொருள்கள் பைற்றிலும் கணக்குச் சொல்லும். அந்த 600இல் மூன்றிலிரண்டு, அதாவது 400 கிலோபைற்றை, ஏறும் எல்லையாக மென்பொருளிற் குறித்துவிடுக. கியூபிற்ரொறன்றில் ‘மாற்று வேக எல்லை’ என இன்னொன்றும், அதற்குரிய நேர அட்டவணையும் உண்டு. பகலில் 50, நள்ளிரவுக்குப் பின் 400 என வைத்துவிட்டேன். வீட்டிற் சமாதானம் நிலவுகின்றது.

நேர அட்டவணைக்கு வேறொரு பயனும் உண்டு. நம் நாட்டில் அளவிட்டு விற்கப்படும் இணையத் தொகுப்புகள் சிலவற்றில் நள்ளிரவிலிருந்து காலைவரை தனிக் கணக்கு உண்டு. இறக்குவது மாத்திரமன்றி ஏற்றுவதும் கணக்கிற் சேருமா என்பதையும், இரவுக் கணக்கு உமது தொகுப்பில் இருக்கின்றதா என்பதையும், மாதப் பட்டியலைப் பார்த்தோ நிலையத்தைக் கேட்டோ தெளிந்துகொள்க. இதை அறியாது விதைக்கப் புகுந்த அன்பர் ஒருவர், மாதம் பத்தாந் திகதியே இணையமின்றி இருக்க நேர்ந்தது. கொடையாளி என்ற பெயரும் அவருக்கு வீட்டிற் கிட்டவில்லை!

வாயிலைப் பற்றிச் சிறிது. வெளியிலிருந்து வரும் வேண்டுகோள்கள் உமது கணினியை எட்ட, றூட்டரில் ஒரு வாயில் திறக்கவேண்டும். பெரும்பாலும் மென்பொருளே றூட்டரோடு பேசித் திறந்துகொள்ளும். திரையின் அடியில் உள்ள சிறு குறி அதனைத் தெரிவிக்கும். கைப்பேசி வலையமைப்பின் வழியாக இணையம் பெறும் வீடுகளில், பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரி இருப்பதால், அவ்வாயில் திறவாமற் போகக்கூடும். அதனால் வேகம் சிறிது குறையும், வேலை நிற்காது. இதற்காக எவரிடமும் காசு கொடுத்து ஏமாறவேண்டாம்.

மின்சாரம் அறுந்தால் என்னாகும் என்று கேட்போர்க்கு ஆறுதலான விடையுண்டு. துண்டு துண்டாக வருதலால், வந்த துண்டுகள் வந்தவையே. கணினி மீண்டதும் ‘மறுபரிசோதனை’ என்னும் கட்டளையைக் கொடுத்தால், எல்லாத் துண்டுகளின் முத்திரைகளையும் சரிபார்த்து, குறைந்தவற்றை மாத்திரம் மீளக் கேட்கும். என் வன்தட்டை உயிர்ப்பிக்க அதனால் இயலாது. ஆனால் அத்தட்டில் இருந்த பொதுநூல்கள் யாவும், புதுத்தட்டு வாங்கிய ஒரு கிழமையில், முகமறியா மனிதரின் வீடுகளிலிருந்து திரும்பி வந்தன.

முதன்முதலில் எதனை இறக்கிப் பழகுவது? தமிழ் விக்கிப்பீடியாவைப் பரிந்துரைக்கின்றேன். 2003இல் தொடங்கிய இக்கலைக்களஞ்சியம் முழுவதையும் இணையமின்றிப் படிக்கும்படி ‘கீவிக்ஸ்’ என்னும் அமைப்பினர் ஒரே கோப்பாக்கி, ரொறன்றாகவும் தருகின்றனர். பிள்ளைகளுள்ள வீட்டில் இணையம் அறுந்த மாலைகளில் இதன் அருமை தெரியும். ‘லிப்ரே ஒபிஸ்’ என்னும் இலவச அலுவலக மென்பொருளும், லினக்ஸ் இயங்குதளங்களும் இவ்வாறே கிடைக்கின்றன. மேலே சொன்ன இன்ரர்நெற் ஆர்க்கைவ் களஞ்சியமும் 2012 முதல் தன் கோப்புகளை ரொறன்றாக வழங்கி வருகின்றது. பழந்தமிழ் நூல்கள் பல அங்குள. நம்மவரின் ‘நூலகம்’ திட்டமோ 2005இல் தொடங்கி, ஈழத்து நூல்கள், பத்திரிகைகள், சஞ்சிகைகள், நினைவு மலர்கள் எனப் பல்லாயிரம் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வைத்திருக்கின்றது. அங்கே கோப்பை நேரடியாகவே இறக்கலாம், ரொறன்ற் வேண்டுவதில்லை. இறக்கியதை வீட்டிற் பத்திரமாய் வைத்தலும் ஒரு காவலே.

சட்டத்தைச் சொல்லாது விட்டால் கட்டுரை குறைபடும். நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஆக்கியோனின் ஆயுட்காலமும் அதற்குமேல் எழுபது ஆண்டுகளும் பதிப்புரிமை நிற்கும். 1947இல் மறைந்த விபுலானந்த அடிகளின் யாழ்நூலைத் தடையின்றிப் பகிரலாம். 1971இல் மறைந்த கவிஞர் மஹாகவியின் நூல்களையோ உரிமையாளரைக் கேளாமற் பகிர்தல் ஆகாது. அவருக்குப் பின் எழுதிய, இன்று எழுதுகின்ற நம் எழுத்தாளர்களின் நிலையும் இதுவே. முந்நூறு படி அச்சிட்டு, அதையும் தாமே சுமந்து விற்கும் நம்மூர் எழுத்தாளனின் நூலை இலவசமாய்ப் பரப்பிவிட்டு அதனைத் தமிழ்த் தொண்டு என்று சொல்லிக்கொள்வோரை நான் அறிவேன். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. புதுப்படங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ரொறன்றிற் கலந்து கொள்ளும் ஒவ்வொருவரின் இணைய முகவரியும் ஏனையோர்க்குத் தெரியும் என்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்வது நன்று.

புதுப்படத்தின் பெயரைத் தாங்கி வரும் கோப்புகளிற் பல படமே அல்ல. விண்டோஸ் கணினி கோப்பின் வால்பெயரை இயல்பாக மறைத்து வைப்பதால், ‘படம்’ என்று நினைத்து இருமுறை தட்டுவது உண்மையில் தீநிரலாய் இருக்கும். வால்பெயரைக் காட்டும்படி அமைத்துவிடுக. படமென்றும் பாட்டென்றும் நூலென்றும் சொல்லிக்கொண்டு ‘எக்ஸ்ஈ’ என முடியும் எதனையும் திறவாதீர்.

இனி எம் பாட்டனாரின் கல்வெட்டுக்கு வருவோம். அதனை ரொறன்றாக்கி உலகுக்கு விட்டுவிடலாமே என்று முதலில் எண்ணினேன். மருமகன் தடுத்தான். “மாமா, அதிலை உயிரோடை இருக்கிற ஆக்களின்ரை பெயரும் ஊரும் உறவும் இருக்கு. ரொறன்றிலை ஒருக்கால் விட்டால் திருப்பி எடுக்கேலாது,” என்றான். சிந்தித்துப் பார்த்தபோது அவன் சொன்னது சரியெனவே பட்டது. ஊருக்கு வழங்கியதெனினும், அன்று அதனைப் பெற்றவர்கள் முகந்தெரிந்தவர்கள். வமிசத்தாரை ஒருங்கே கேட்டு, அவர்கள் இசைந்தாற் பின்னர்ப் பொதுக் களஞ்சியத்துக்குக் கொடுக்கலாம். அதுவரை வீட்டாருக்குள் இருக்கட்டும்.

அவ்வாறு வீட்டாருக்குள் மாத்திரம் பகிர வேறொரு மென்பொருள் உண்டு. அதன் பெயர் ‘சிங்திங்’. 2013இல் வெளிவந்தது, இதுவும் விலையற்றது, மூலநிரல் திறந்தது. ஒவ்வொரு கணினிக்கும் நீண்டதோர் அடையாள எண்ணை இது கொடுக்கும். அவ்வெண்ணை இரு வீட்டாரும் ஒருவர்க்கொருவர் ஏற்றுக்கொண்டாலன்றி ஒரு துரும்பும் நகராது. ஏற்றுக்கொண்டபின், நாம் குறித்த கோப்புறை இரு கணினிகளிலும் ஒரே மாதிரி இருக்கும்படி அதுவே பார்த்துக்கொள்ளும். வழியில் எவரும் வாசிக்க முடியாதபடி மறைபொருளாக்கியே அனுப்பும்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். ஒருவர் கோப்பை அழித்தால், அவ்வழிப்பும் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரும். எம் பிள்ளையொருத்தி இடம் போதவில்லையென்று படங்களை அழிக்க, மூன்று கண்டங்களில் அவை மறைந்தன! ‘பழைய பதிப்புகளைப் பேணுக’ என்னும் அமைப்பை முன்னரே இட்டிருந்தமையால் மீட்டெடுத்தோம். அதனை ஒவ்வொரு வீட்டிலும் இடுதல் அவசியம். மற்றது, இடையில் வேறு களஞ்சியம் இல்லாமையால், இரு கணினிகளும் ஒரே நேரத்தில் விழித்திருந்தாலே பரிமாற்றம் நடைபெறும். கொழும்பில் ஞாயிறு மாலை ஏழு மணியெனின், கோடை காலத்தில் ரொறன்ரோவிற் காலை ஒன்பதரை, குளிர்காலத்தில் எட்டரை. லண்டனிற் பகல் இரண்டரை அல்லது ஒன்றரை. ஆதலின் எமது குடும்பத்திற் ஞாயிறு மாலை ஏழு மணி என்று விதித்துக்கொண்டோம். வழக்கமாக அந்நேரத்திலே தொலைபேசியிற் கதைப்பதும் நடைபெறுவதால், கணினியைத் திறந்துவைக்க மறப்பார் இலர்.

இப்பொழுது அக்கல்வெட்டு வெள்ளவத்தையில் ஒன்று, ரொறன்ரோவில் ஒன்று, லண்டனில் ஒன்று என மூன்று வீடுகளில் இருக்கின்றது. நான்காவதாகக் கொட்டாஞ்சேனை வீட்டுக்கும் சிறு கணினியொன்றைச் சென்ற தைப்பொங்கலன்று கொண்டுபோய் வைத்தோம். எஞ்சிய மூலத்தாள்களைப் பெரியம்மா வெள்ளைத்துணியிற் பொதிந்து மீண்டும் தகரப்பெட்டியிலேயே வைத்திருக்கின்றார்; கணினியில் அவருக்கு இன்னும் பூரண நம்பிக்கை பிறக்கவில்லை. ஆயினும் ஞாயிறு மாலைகளில் அதன் முன்னே கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, பெயர்களுக்கெதிரே பச்சைக் குறி ஒவ்வொன்றாய் ஒளிர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றார். சென்ற வாரம் ஒரு குறி மாத்திரம் ஒளிரத் தாமதித்தது.

“ரொறன்ரோவிலை பெடியன் இன்னும் எழும்பேல்லைப் போலை. ஒருக்கால் அடிச்சு எழுப்பு, தம்பி,” என்றார்.